விதித் தொகுதி பிறந்த கதை



பால்மரம் வெட்டும் தொழிலை அறிந்த குடும்பங்களுக்குச் சோதனை என்ற சொல் புதியதன்று. வெட்டிய மரத்தைப் பார்க்க ஒருவர் வருவார். பட்டை அளவுக்கு மேல் சீவப்பட்டிருக்கிறதா, மரத்தில் காயம் பட்டிருக்கிறதா, வெட்டுக்கோடு உரிய சரிவில் இருக்கிறதா, மங்கு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். மரங்கள் பல நூறு இருக்கலாம். பார்க்க வேண்டியவை அந்த நான்கைந்துதான். அவை எல்லாருக்கும் தெரிந்தவையாக, எல்லா மரத்துக்கும் ஒன்றாக இருக்கும்வரை வம்பில்லை. இன்று வந்தவருக்கு ஒரு கணக்கு, நாளை வருபவருக்கு வேறு கணக்கு என்று ஆகும்போதுதான் மனத்தாங்கல் பிறக்கிறது.

இதே சிக்கல் இணையத்தளங்களைச் செய்வோருக்கும் வந்தது. அதை அவர்கள் எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்பதே இன்றைய உரையின் பொருள். இது கணினிக்காரர் கதைதானே, நமக்கு எதற்கு என்று எண்ணிவிட வேண்டாம். பிள்ளையின் படிப்புக்கு மனுப் போடுவதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், அரசாங்க உதவிக்குப் பதிவு செய்வதும் இன்று இணையத்தளங்களின் வழியாகவே பெரும்பாலும் நடக்கின்றன. அந்தத் தளம் ஒருவருக்குத் திறந்து இன்னொருவருக்கு மூடிக்கொண்டால், உதவியும் அப்படியே மூடிக்கொள்கிறது. கண் தெரியாதவர், கை நடுங்குபவர், எழுத்து மங்கலாகத் தெரியும் முதியவர் ஆகியோர் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள் அல்லவா?

முதலில் பட்டியல் என்ற எண்ணம் எவ்வாறு வலுப்பெற்றது என்று பார்ப்போம். 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ரைட் ஃபீல்ட் என்ற விமானத் திடலில் ஒரு புதிய போர் விமானம் ஏறிப் பறந்து காட்ட வந்தது. போயிங் நிறுவனம் செய்த அந்த விமானத்துக்கு மாடல் 299 என்று பெயர். நான்கு எஞ்சின்கள் கொண்டது. மேலே எழும்பிய சிறிது நேரத்தில் அது கீழே விழுந்து தீப்பற்றியது. அனுபவம் மிக்க இரண்டு விமானிகள் உயிரிழந்தனர். எஞ்சினில் கோளாறு இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க, விமானத்தைத் திருப்பும் தகடுகளைப் பூட்டி வைப்பது வழக்கம். பறப்பதற்கு முன் அந்தப் பூட்டை எடுத்துவிட மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

அந்த விமானிகள் அறியாதவர்கள் அல்லர். நினைவில் வைக்க வேண்டியவை மிகுந்துவிட்டன. இதற்கு என்ன வழி? படையின் விமானிகள் கூடி யோசித்து, செய்ய வேண்டியவற்றை வரிசையாக ஒரு தாளில் எழுதினார்கள். அதிலும் ஒரு நுட்பம் செய்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நீளப் பட்டியலாக எழுதாமல், புறப்படுமுன் பார்க்க வேண்டியவை, பறக்கும்போது பார்க்க வேண்டியவை, இறங்குமுன் பார்க்க வேண்டியவை, இறங்கிய பின் பார்க்க வேண்டியவை என்று பிரித்தார்கள். எந்த நேரத்துக்கு எந்தப் பட்டியலோ அதை மட்டும் எடுத்தால் போதும். அந்தத் தாள் எந்த விமானியின் கையிலும் ஒரே வேலையைச் செய்தது. அந்த விமானமே பின்னர் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது.

விதிகளை எழுதி வைப்பது, வேலைக்கு ஏற்பத் தொகுதியாகப் பிரிப்பது, ஒருமுறை எழுதியதைப் பலரும் பலமுறை பயன்படுத்துவது என்ற மூன்றும் அந்தத் தாளிலேயே இருந்தன.

அடுத்து, 1970ஆம் ஆண்டுகளுக்கு வருவோம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்ற கணினி அறிஞர் பணியாற்றினார். கணினிக்கு எழுதும் கட்டளைகளில், இலக்கணப் பிழை இல்லாமலே ஆபத்தான எழுத்து நுழைந்துவிடுவதுண்டு. அதைக் கண்டுபிடிக்க அவர் ஒரு சிறு மென்பொருளை எழுதினார். 1978ஆம் ஆண்டு வாக்கில் அது வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. அதற்கு 'லின்ட்' என்று பெயர் வைத்தார். துவைத்த துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். துணி நல்ல துணிதான், ஒட்டியிருப்பதைத் தட்டிவிட வேண்டும் என்பது கருத்து.

இப்போது தாளை வைத்துக்கொண்டு மனிதர் பார்த்த வேலையை இயந்திரமே பார்க்கத் தொடங்கிவிட்டது. இயந்திரத்துக்கு அலுப்பில்லை. ஆயிரமாவது வரியையும் முதல் வரியைப் போலவே பார்க்கும். எந்தச் சோதனை வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் வசதியையும் ஜான்சன் அதில் வைத்திருந்தார். இந்த வசதி நல்லதா கெட்டதா என்ற கேள்வியைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

இனி இணையத்துக்கு வருவோம். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989இல் இணைய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993இல் அந்த நிலையம் அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. பின்னர்ப் பக்கங்கள் ஈசல் போலப் பெருகின. முதலில் வெறும் எழுத்தாக இருந்த பக்கங்களில் படங்கள் வந்தன, அட்டவணைகள் வந்தன, தட்டினால் வேறிடம் கொண்டுபோகும் பொத்தான்கள் வந்தன.

கண் தெரியாதவர் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று சிலர் கேட்கலாம். திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருள் உண்டு. அதைத் திரை வாசிப்பான் என்போம். எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக விரலுக்கு உயர்த்திக் காட்டும் கருவியும் உண்டு. எழுத்து இருக்கும்வரை இவை இரண்டும் செவ்வனே வேலை செய்யும். படம் வந்தால் இவற்றுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே, ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அது இன்ன படம் என்று சில சொற்களில் எழுதிவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. இதை மாற்றுரை என்று சொல்லலாம். கண்ணால் காண்பவருக்கு அது தெரியாது. வாசிப்பான் அதை எடுத்துச் சொல்லும். 1997 டிசம்பரில் வெளிவந்த எச்.டி.எம்.எல். 4 என்ற இணைய மொழியின் இலக்கணம், மாற்றுரை இல்லாமல் படம் இருக்கக்கூடாது என்றே விதித்தது. ஆனால் விதித்துவிட்டால் போதுமா? பார்ப்பவர் யார்?

1996ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கேஸ்ட் என்ற கல்வி அமைப்பு, பார்ப்பதற்கென்று ஒரு கருவியை வெளியிட்டது. அதற்கு 'பாபி' என்று பெயர். இங்கிலாந்தில் போலீஸ்காரரைச் செல்லமாக அழைக்கும் பெயர் அது. ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தால், பாபி அந்தப் பக்கத்தைப் படித்து, எங்கே மாற்றுரை இல்லை, எங்கே வழி தடைப்படுகிறது என்று சுட்டிக்காட்டும். தேறிய தளங்கள் பாபியின் முத்திரையைப் பெருமையோடு போட்டுக்கொண்டன. 2008இல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. ஆயினும் தளத்தை விதிப்படி சோதிக்கலாம் என்ற எண்ணத்தைப் பலருக்கு முதலில் ஊட்டியது அதுவே.

விதிகளுக்குப் பொதுவான எழுத்துவடிவம் 1999ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் கிடைத்தது. டபிள்யூ3சி என்ற அனைத்துலக அமைப்பு, இணைய உள்ளடக்கம் எல்லாருக்கும் எட்டுவதற்கான நெறிகளை வெளியிட்டது. அதைச் சுருக்கமாக டபிள்யூ.சி.ஏ.ஜி. என்பார்கள். 14 நெறிகள், அவற்றின்கீழ் 65 சோதனைப் புள்ளிகள். அந்த 65ஐயும் மூன்று வரிசையாகப் பிரித்தார்கள். கட்டாயம் செய்ய வேண்டியவை முதல் வரிசை, செய்வது நல்லது என்பவை இரண்டாம் வரிசை, செய்தால் இன்னும் நலம் என்பவை மூன்றாம் வரிசை. முதல் நெறியின் முதல் புள்ளியே, எழுத்தல்லாத எதற்கும் எழுத்தில் ஈடு தர வேண்டும் என்பதுதான். அது முதல் வரிசையில் இருந்தது.

இந்த விதிகள் வெளிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம் 2000ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அங்கே புரூஸ் மெகுவயர் என்ற பார்வையற்றவர் வாழ்ந்தார். பிரெயில் புள்ளிகளைக் காட்டும் கருவியின் வழியே கணினியைப் பயன்படுத்துபவர். ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் இணையத்தளத்தை அவரால் சரியாகப் படிக்க முடியவில்லை. 1999 ஜூன் மாதம் அவர் அந்நாட்டின் மனித உரிமை, சம வாய்ப்பு ஆணையத்திடம் முறையிட்டார். 1992ஆம் ஆண்டின் உடற்குறையுள்ளோருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அவருக்குத் துணை நின்றது.

அவர் கேட்டது பெரிதன்று. படங்களுக்கெல்லாம் மாற்றுரை வேண்டும் என்றார். போட்டி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி வேண்டும் என்றார். முடிவுகளைக் காட்டும் அட்டவணைகள் தமக்கும் விளங்க வேண்டும் என்றார். எல்லாரும் அறியும் போட்டி முடிவைத் தாமும் அறிய வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஏற்பாட்டுக் குழு முடியாது என்று வாதிட்டது. தளத்தில் 1,295 மாதிரிப் பக்கங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் திருத்த இரண்டு மணி நேரம்வரை பிடிக்கும், ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் உழைத்தாலும் 368 நாள் ஆகும், அதற்கு மேல் 22 லட்சம் டாலர் செலவில் புதிய ஏற்பாடுகளும் தேவைப்படும் என்றது.

நேயர்களே, இங்கே மாதிரிப் பக்கம் என்றால் என்ன என்று சற்று விளக்க வேண்டும். பெரிய தளங்களில் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கையால் எழுதுவதில்லை. பலகாரத்துக்கு அச்சு இருப்பதுபோல, பக்கத்துக்கும் ஓர் அச்சு உண்டு. நீச்சல் போட்டி முடிவு, ஓட்டப் போட்டி முடிவு என்று செய்தி மாறும். அச்சு மாறாது. அச்சில் ஒரு குறை இருந்தால் அதிலிருந்து வரும் பக்கங்கள் எல்லாவற்றிலும் அந்தக் குறை இருக்கும். அச்சைத் திருத்திவிட்டால் எல்லாப் பக்கங்களும் திருந்திவிடும்.

மெகுவயர் தரப்பில் இரண்டு வல்லுநர்கள் சாட்சி சொன்னார்கள். ஒருவர் ஆஸ்திரேலியாவின் டாம் வொர்திங்டன். மற்றொருவர் கனடாவின் டொரோன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுட்டா ட்ரெவிரானஸ் அம்மையார். குழு சொன்ன எண்ணிக்கையைவிட மாதிரிப் பக்கங்கள் மிகக் குறைவு, ஒன்றைத் திருத்த இரண்டு மணி நேரம் வேண்டாம், பத்து நிமிடம் போதும் என்று வொர்திங்டன் கணித்தார். 368 நாள் என்று சொல்லப்பட்ட வேலையைச் சிறு குழு ஒன்று சில வாரங்களில் முடித்துவிடலாம் என்பது வல்லுநர் கருத்து.

2000 ஆகஸ்டு 24ஆம் நாள் ஆணையம் தீர்ப்பளித்தது. மெகுவயருக்கு இழைக்கப்பட்டது பாகுபாடே என்றது. செப்டம்பர் 15ஆம் நாளுக்குள், அதாவது ஒலிம்பிக் தொடங்கும் நாளுக்குள், தளத்தைத் திருத்த வேண்டும் என்று ஆணையிட்டது. போட்டிகள் நடந்து முடிந்தன. தளம் ஓரளவே திருத்தப்பட்டிருந்தது. நவம்பரில், மெகுவயருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கும்படி ஆணையம் உத்தரவிட்டது. ஆனால் சிட்னி ஒலிம்பிக் திரும்பி வரப்போவதில்லை. பணம் கிடைத்தது, பார்க்க விரும்பிய அட்டவணை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை.

இந்த வழக்கிலிருந்து கணினித் துறையினர் பலவற்றைக் கற்றுக்கொள்ள இருந்தது. தளம் கட்டி முடிந்த பின் குறை தேடினால் காலமும் பணமும் கரையும். கட்டும்போதே ஒவ்வொரு நாளும் விதிப்படி சோதித்துவந்தால் குறை முளையிலேயே தெரிந்துவிடும். அப்படிச் செய்யவேண்டுமானால், விதிகள் ஒருவரது தலைக்குள் இருக்கக்கூடாது. எந்தத் தளத்துக்கும் எடுத்துப் பொருத்தக்கூடிய வகையில் அவை தனியே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

2008 டிசம்பர் 11ஆம் நாள் டபிள்யூ.சி.ஏ.ஜி.யின் இரண்டாம் பதிப்பு வந்தது. இம்முறை 12 நெறிகள், 61 தேர்வுக் கூறுகள். இவற்றை ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று படிகளாக வகுத்தார்கள். ஏ படியில் 25, ஏஏ படியில் 13, ஏஏஏ படியில் 23. சோதித்துப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய வகையில் ஒவ்வொரு கூறும் எழுதப்பட்டது. எடுத்துக்காட்டாக, எழுத்தின் நிறம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மட்டும் சொன்னால், என் கண்ணுக்குத் தெரிகிறதே என்று ஒருவர் வாதிடலாம். எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்திலாவது இருக்க வேண்டும் என்றால் வாதத்துக்கு இடமில்லை. இது ஏஏ படியின் அளவு. ஏஏஏ படிக்கு 7க்கு 1 வேண்டும். 2012இல் இந்த இரண்டாம் பதிப்பு அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது. 2018இல் கூறுகள் 78 ஆயின. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில் 86 ஆயின.

விதிகள் பெருகப் பெருக, அவற்றை எப்படிக் கட்டி வைப்பது என்ற கேள்வி எழுந்தது. 2013இல் நிக்கோலஸ் ஸக்காஸ் என்பவர் தொடங்கிய இ.எஸ்.லின்ட் என்ற கருவி இதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டியது. பெயரிலேயே பழைய லின்ட்டின் உறவு தெரிகிறது அல்லவா? அது கணினிக் கட்டளைகளைச் சோதிக்கும் கருவி. அதில் ஒவ்வொரு விதிக்கும் மூன்று நிலைகள் உண்டு. நிறுத்திவைக்கலாம், எச்சரிக்கை மட்டும் தரச் செய்யலாம், பிழையென்று மறிக்கச் செய்யலாம். எந்த விதிக்கு எந்த நிலை என்பதை ஒரு கோப்பில் எழுதி, அதற்குப் பெயர் வைத்து, மற்றவர்களுக்கும் கொடுத்துவிடலாம். பெறுபவர் அந்தத் தொகுதியை அப்படியே எடுத்துக்கொண்டு, தமக்கு வேண்டிய இரண்டொரு மாற்றத்தை மட்டும் மேலே சேர்க்கலாம்.

2015இல் அமெரிக்காவின் டீக்யூ நிறுவனம் ஆக்ஸ் என்ற சோதனைக் கருவியை எவரும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. இது இணையத்தளங்கள் எல்லாருக்கும் எட்டுகின்றனவா என்று சோதிப்பது. அதில் ஒவ்வொரு விதிக்கும் அடையாளச் சீட்டு உண்டு. இது ஏ படியைச் சேர்ந்தது, இது ஏஏ படியைச் சேர்ந்தது, இது கட்டாயமன்று ஆனால் நல்ல வழக்கம், இது நிறத்தைப் பற்றியது என்று சீட்டுச் சொல்லும். சோதிப்பவர் நூறு விதிகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்க வேண்டியதில்லை. ஏ, ஏஏ என்ற இரண்டு சீட்டுள்ள விதிகளை எடு என்றால் அந்தத் தொகுதி வந்து நிற்கும். 2019இல் டபிள்யூ3சி அமைப்பு, இத்தகைய சோதனை விதிகளை எந்த வடிவத்தில் எழுத வேண்டும் என்பதற்கும் ஒரு தரத்தை வெளியிட்டது. ஒரு கருவிக்காரர் எழுதிய விதியை மற்றொருவர் ஒரே பொருளில் புரிந்துகொள்ள இது வழி செய்தது.

சரி, ஒரு நிறுவனம் தனக்கென்று விதித் தொகுதியை அமைக்கும்போது உண்மையில் என்ன செய்கிறது? முதலில் தொகுதிக்கு ஒரு பெயர் வைக்கிறது. பிறகு எந்தப் படியின் விதிகள் அதில் சேரும் என்று தீர்மானிக்கிறது. எந்தப் பிழை இருந்தால் பக்கம் வெளியே போகக்கூடாது, எது இருந்தால் எச்சரித்தால் போதும் என்று வகுக்கிறது. ஏதேனும் ஒரு விதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால், யார் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், எதுவரை என்று அருகிலேயே எழுதி வைப்பது நல்ல நிறுவனங்களின் பழக்கம். இவையெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அந்நிறுவனத்தின் பத்துத் தளங்களும் அந்த ஒரே தொகுதியைப் படித்துக்கொள்ளும். விதியில் திருத்தம் வந்தால் ஓரிடத்தில் திருத்தினால் பத்துத் தளத்திலும் நடப்புக்கு வந்துவிடும். பத்து இடத்தில் பத்துப் படி எடுத்து வைத்தால், ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துபோவது திண்ணம்.

இப்போது, பொறுத்துப் பார்ப்போம் என்று சொன்ன கேள்விக்கு வருவோம். விதியை நிறுத்தி வைக்கும் வசதி நல்லதா? அது தேவையான வசதிதான். படமே இல்லாத தளத்துக்குப் பட விதி எதற்கு? ஆனால் இதே வசதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எழுத்தின் நிறம் அழகாக இருக்கிறது, அந்த விதி தொந்தரவு தருகிறது என்று ஒருவர் பொதுத் தொகுதியில் அதை நிறுத்திவிட்டால், பத்துத் தளங்களிலும் அது ஒரே நேரத்தில் நின்றுவிடும். சோதனையின் முடிவில் பிழை இல்லை என்றே வரும். கண் மங்கிய முதியவருக்கு மட்டும் பக்கம் தெரியாது. ஓரிடத்தில் செய்த நன்மை எல்லா இடத்துக்கும் பரவுவதுபோல, ஓரிடத்தில் செய்த தவறும் பரவும். ஆகவே, விதித் தொகுதியை அமைப்பவர் யாரைக் கணக்கில் சேர்ப்பது, யாரை விடுவது என்ற முடிவையும் சேர்த்தே எடுக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயந்திரம் பார்ப்பதற்கும் எல்லை உண்டு. 2017இல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மின்னியல் சேவைப் பிரிவினர் ஒரு சோதனை செய்தார்கள். வேண்டுமென்றே 140க்கும் மேற்பட்ட குறைகளை வைத்து ஒரு பக்கத்தை எழுதினார்கள். பத்துச் சோதனைக் கருவிகளை அதன்மேல் ஓட்டினார்கள். ஏறக்குறைய 30 விழுக்காட்டுக் குறைகள் எந்தக் கருவியின் கண்ணிலும் படவில்லை. இதற்குக் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. படத்துக்கு மாற்றுரை இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். அந்த இடத்தில் 'படம்' என்று ஒரே சொல்லை எழுதி வைத்தாலும் இருக்கிறது என்று தேற்றிவிடும். அது பள்ளியின் படமா, பணம் கட்டும் பொத்தானா என்று பார்வையற்றவருக்குத் தெரியாது. அதை மனிதர்தான் பார்க்க வேண்டும். அதிலும், பயன்படுத்தும் பார்வையற்றவரையே அழைத்துப் பார்க்கச் சொல்வது மிகச் சிறந்தது.

இயந்திரம் பார்க்கக்கூடியதாவது சரியாக இருக்கிறதா? அமெரிக்காவின் வெப்எய்ம் என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் உலகின் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களை இயந்திரத்தால் சோதித்து வருகிறது. முதலாம் ஆண்டு 97.8 விழுக்காட்டுப் பக்கங்களில் குறை இருந்தது. 2024இல் அது 95.9 விழுக்காடு. அளவுகோலை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொண்டிருந்தால் இவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்திருக்க முடியாது. அதிகம் காணப்பட்ட குறைகளோ மங்கலான எழுத்து, மாற்றுரை இல்லாத படம், பெயர் எழுதாத கட்டம், வெறுமையான இணைப்பு, வெறுமையான பொத்தான், பக்கத்தின் மொழி குறிக்கப்படாமை என்ற ஆறுதான். ஒலிம்பிக் வழக்கு நடந்து கால் நூற்றாண்டுக்குப் பின்னும் மாற்றுரைக் குறை தீரவில்லை.

அந்த ஆறில் கடைசிக் குறையைத் தமிழ் நேயர்கள் தனியே கவனிக்க வேண்டும். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று அதன் உள்ளே குறிக்க வேண்டும் என்பது ஏ படி விதி. பக்கத்தின் ஒரு பகுதி வேறு மொழியில் இருந்தால் அந்தப் பகுதிக்கும் மொழியைக் குறிக்க வேண்டும் என்பது ஏஏ படி விதி. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழி புழங்கும் நம் நாடுகளில் இது மிகவும் வேண்டியது. ஒரு மலாய்ப் பக்கத்தின் நடுவே தமிழில் அறிவிப்பு வந்து, அது தமிழ் என்று குறிக்கப்படாவிட்டால், திரை வாசிப்பான் அதை மலாய்க் குரலிலேயே படிக்க முயன்று தடுமாறும், அல்லது விட்டுவிட்டுப் போய்விடும். கண் தெரிந்தவருக்குத் தமிழ் எழுத்து கண்ணெதிரே இருக்கும். கண் தெரியாத தமிழருக்கு அங்கே தமிழ் இல்லை. ஏ படியோடு நின்றுவிடும் விதித் தொகுதி இந்தக் குறையைத் தேடவே தேடாது.

மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் உடற்குறையுள்ளோர் சட்டம் இருக்கிறது. அதன் 30ஆம் பிரிவு, தகவலும் தொடர்பும் தொழில்நுட்பமும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்பதைக் கூறுகிறது. சட்டம் பொதுவாகச் சொல்கிறது. அதை நாள்தோறும் செயலில் காட்டுவது விதித் தொகுதியில் உள்ள ஒவ்வொரு வரியும்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கணினித் துறையில் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அவர்களிடம் பெற்றோர் கேட்க ஓர் எளிய கேள்வி உண்டு. 'நீ செய்யும் தளத்தை எந்த விதிப்படி சோதிக்கிறாய், அதில் எதையாவது நிறுத்தி வைத்திருக்கிறாயா?' என்று கேட்கலாம். அதுபோலவே, ஒரு தளத்தில் மனுப் போட முடியாமல் வீட்டில் ஒருவர் தவித்தால், நமக்குத்தான் தெரியவில்லை என்று ஒதுங்கிவிட வேண்டாம். எந்தப் பக்கம், எந்த இடம், எது தடுத்தது என்று மூன்றையும் எழுதி, அந்த அலுவலகத்துக்கு அனுப்பலாம். புரூஸ் மெகுவயரின் முறையீடும் அவ்வாறு குறிப்பாகச் சொன்ன மூன்று குறைகளைக் கொண்டதுதான். குறிப்பாகச் சொல்லப்பட்ட குறையைத்தான் விதியாக எழுத முடியும். விதியாக எழுதிவிட்டால், அடுத்து வருபவர் அதே இடத்தில் தடுக்கி விழ வேண்டியதில்லை.